நான் நீக்கிய மூன்று வரிகள்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் பெயரை அழித்தேன்.

பல் தேய்க்கவில்லை. வாசலில் கிடந்த பால் பாக்கெட்டைக்கூட எடுக்கவில்லை. கூடத்து மேசையில் மூடிக் கிடந்த மடிக்கணினியைத் திறந்தேன். நம் நிரல்களெல்லாம் எடுத்துப் பயன்படுத்த நீ எழுதிய அந்தச் சின்ன லைப்ரரியில் மொத்தம் பதினொரு கோப்புகள். ஒவ்வொன்றின் முதல் வரியிலும் 'எழுதியவர்' என்று போட்டு உன் பெயர், உன் அப்பாவின் தலைப்பெழுத்தோடு. பதினொரு தடவை அழித்தேன். அந்த இடத்தில் என் பெயரைப் போடச் சொல்லியிருந்தார்கள். கை போகவில்லை. அப்படியே விட்டுச் சேமித்துவிட்டு எழுந்து போய்ப் பால் காய்ச்சினேன். பொங்கி வழிந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

போன வாரம் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மேடம், இன்னும் மூணு ஊர்ல நம்ம படகுப் பதிவக் கேக்குறாங்க. திங்கக்கெழம கொடுக்கணும். ஒரே ஒரு விஷயம். பைல் எல்லாத்துலயும் அந்தம்மா பேரு இருக்கில்ல?"

"இருக்குங்க சார்."

"எடுத்துருங்க. அங்கயும் இப்ப கம்ப்யூட்டர் படிச்ச பசங்க இருக்கானுங்க. எவனாவது தொறந்து பாத்துட்டு, 'இது முருகையன சாகடிச்ச புரோகிராம்ல'ன்னு கேட்டான்னு வையிங்க, அதோட போச்சு. உங்க பேரப் போட்டுக்குங்க. இப்ப நீங்கதான பாத்துக்கிறீங்க."

"சரிங்க சார்."

அவர் கெட்டவர் இல்லை. நீ போன செய்தி வந்த அன்று அலுவலகத்தை அரை நாள் மூடியவர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஊருக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். முருகையன் என்ற மீனவர் கடலோடு போனதற்குக் காரணம் நீ எழுதிய நிரல் என்பதுதான் ஊர்ப் பேச்சு. உன் நிரலிலிருந்து மூன்று வரிகளை நீக்கியவள் நான் என்பது எனக்கு மட்டுமே தெரியும் என்று எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பும் தப்பு என்று போன மாதம்தான் தெரிந்தது.

இதை உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை என்பதால்தான் எழுத முடிகிறது. அதிலும் ஒரு கோழைத்தனம் இருக்கிறது, தெரியும்.

ஜவுளிக் கடைக்கு மேலே நம் அலுவலகம். அந்த மரப்படியில் ஏறும்போது கீழே புதுத்துணி வாசம், மேலே போனால் நீ வாங்கி வைத்திருக்கும் டீ வாசம். கல்லூரியில் மூன்று வருடம் ஒரே வகுப்பில் இருந்தும் நாம் அதிகம் பேசியதில்லை. நான் நெரவியிலிருந்து வரும் விவசாய வீட்டுப் பெண், முன் பெஞ்சு. நீ கடற்கரையிலிருந்து வருகிறவள், கடைசி பெஞ்சு. வேலையில் சேர்ந்த பிறகுதான் நீ யாரென்று தெரிந்தது.

அது ஒரு கல்யாண மண்டபத்துக்கான நிரல். பதிவு செய்தவர் பெயரைத் தட்டினால் அவருடைய தேதி வர வேண்டும். பெயரை அப்படியே எடுத்து, தரவுத்தளத்துக்குப் போகும் கட்டளையின் நடுவில் ஒட்டியிருந்தேன். நம் படிப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டீ கிளாசோடு வந்து என் நாற்காலியை இடுப்பால் தள்ளினாய்.

"நகரு. இதுல நான் ஒரு பேரு தேடுறேன்."

ஏதோ ஒரு பெயரைத் தட்டினாய். அதன் பின்னால் ஒரு மேற்கோள் குறி. பிறகு, 'அல்லது ஒன்றும் ஒன்றும் சமம்' என்று பொருள்படும் நான்கைந்து எழுத்து. பொத்தானை அழுத்தியதும் மூன்று வருடத்துப் பதிவும் திரையில் கொட்டியது.

"என்னடி பண்ணுனே?"

"நான் ஒண்ணும் பண்ணல. நீ எழுதுன வாக்கியத்த அவன் முடிச்சுக்கிட்டு, அவனோட வாக்கியத்த ஆரம்பிக்கலாம்னு நீதான் எடம் விட்டிருக்க. நான் நல்லவ, பாத்துட்டு விட்டுட்டேன். 'அழி'ன்னு ஒரு வார்த்த போட்டிருந்தேன்னு வையி, மூணு வருஷக் கல்யாணமும் ரத்து."

"அத்தன பொண்ணும் தப்பிச்சிருக்கும்" என்றேன்.

நீ சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறி, இருமி, விசைப்பலகை முழுக்கச் சிந்தியது. அதற்குப் பிறகு அந்த விசைப்பலகை சாகும்வரை அதில் 'ஏ' எழுத்து ஒட்டிக்கொண்டே இருந்தது.

அன்று நீ சொன்னதை நான் இன்றும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன், யார் சொன்னது என்று சொல்லாமல். "வாக்கியம் வேற, அதுக்குள்ள வெக்கிற சாமான் வேற. ரெண்டையும் ஒரே கையால தொடாத." கட்டளையை முதலில் முழுசாக எழுதிவிட வேண்டும். வெளி ஆள் தட்டும் பெயருக்கோ எண்ணுக்கோ அதில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்க வேண்டும். பெயரைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அப்போது அவன் எதைத் தட்டினாலும் அது வெறும் பெயராகவே நிற்கும், கட்டளையாக மாறாது. கேட்க எளிது. ஆனால் ஒவ்வொரு திரைக்கும் அதைக் கையால் செய்வது அலுப்பு, அலுப்பில் பிழை வரும் என்று நீ ஒரு லைப்ரரி எழுதத் தொடங்கினாய். இரண்டு மாதம், சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் சோறு, ஒரு கையில் தட்டச்சு. எது எதற்குச் சமம் என்று மட்டும் நாங்கள் சொன்னால் போதும், கேள்விக்குறி போட்டுப் பத்திரமான கட்டளையாகக் கட்டிக் கொடுத்துவிடும்.

அதற்குத் தூண்டில் என்று பெயர் வைத்தாய். "ஏன், வலைன்னு வெக்கலாம்ல" என்று கேட்டதற்கு, "வலையில வேண்டாததும் வரும்டி" என்றாய்.

தூண்டிலில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று இருந்தது. தேடும் திரையில் பெயர், ஊர், எண் என்று மூன்று கட்டம் இருக்கும். எல்லாரும் எல்லாவற்றையும் நிரப்ப மாட்டார்கள். காலியாக விட்ட கட்டத்தைத் தூண்டில் தானே கழற்றிவிடும். ஊரை மட்டும் போட்டால் அந்த ஊர்ப் படகெல்லாம் வரும். எதையுமே போடாவிட்டால் எல்லாப் படகும் வரும். உன் லைப்ரரியில் காலி என்றால் 'ஒன்றுமில்லை' என்று பொருள் இல்லை. 'எல்லாம்' என்று பொருள். தேடுவதற்கு அது வசதி. மாற்றுவதற்கும் அழிப்பதற்கும் அது ஆபத்து என்று நீயே கண்டுபிடித்து, மூன்று வரி சேர்த்தாய். மாற்றும் கட்டளையாகவோ அழிக்கும் கட்டளையாகவோ இருந்து, அதில் ஒரு நிபந்தனைகூட மிஞ்சவில்லை என்றால், தூண்டில் அதை நிறைவேற்றாது. சிவப்புக் கட்டத்தில் ஒரு செய்தி மட்டும் வரும்: 'நிபந்தனை இல்லை. செய்ய மாட்டேன்.'

"கம்ப்யூட்டர் ஒன்ன மாதிரியே பேசுதுடி" என்றேன். பெருமையாகத் தலையை ஆட்டினாய்.

பிறகு உன் ஊர்ச் சங்கத்துக்குப் படகுப் பதிவு செய்தோம். நீதான் பேசி வாங்கி வந்தாய். காலையில் எந்தப் படகு எத்தனை பேரோடு போனது, எது கரை ஏறியது என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒரே பட்டியலில் பார்க்கலாம். காற்று மாறினால் படகுகள் சொந்தக் கரைக்கு வர முடியாமல் வேறு ஊரில் ஏறும். ஏறிய ஊரில் பதிந்துவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். அதற்காகத்தான் உன் ஊரார் நோட்டை விட்டுத் திரைக்கு வந்தார்கள். முதல் நாள் உன் அம்மா மீன் கூடையோடு சங்கத்து வாசலில் நின்று, "எம் பொண்ணு செஞ்சது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சங்கத்தில் பதிவு எழுதியவர் சிங்காரவேலு அண்ணன். உனக்குச் சித்தப்பா முறை. இருபது வருடம் நோட்டில் எழுதிய கை. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் வரவுப் பக்கத்தில், திரும்பி வந்த படகுகளின் எண்ணை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவார். இன்னும் வராத படகின் எண்ணை எழுத மாட்டார், 'வரவில்லை' என்றும் எழுத மாட்டார். அதற்கென்று ஒரு வரியை வெறுமனே விட்டுவிடுவார். எத்தனை படகு பாக்கியோ அத்தனை வெற்று வரி. கடலில் இருக்கும் படகைப் பற்றி இல்லை என்று கையால் எழுதக் கூடாது என்பது அவர் எண்ணம். ஊரில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. நீ அந்த வழக்கத்தோடேயே வளர்ந்தவள். அதனால்தானோ என்னவோ, அதைத் தனியாகச் சொல்ல உனக்குத் தோன்றவில்லை.

திரைக்கு வந்த பிறகும் அவர் அதையே செய்தார். வந்த படகுகளின் எண்ணைத் தட்டி 'கரை ஏறியது' பொத்தானை அழுத்துவார். கடைசியில், வராத ஒவ்வொரு படகுக்கும் எண் கட்டத்தைக் காலியாக வைத்து அதே பொத்தானை ஒரு முறை அழுத்துவார். அவருடைய வெற்று வரி அது. சிவப்புக் கட்டம் வரும்.

நீ உறவுக்காரர் கல்யாணத்துக்கு நான்கு நாள் விடுப்பில் போயிருந்தாய். தினமும் சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

"ஏம்மா, இது நல்லா இல்லம்மா. கடல்ல ஆளுங்க இருக்கையில 'மாட்டேன் மாட்டேன்'னு சொல்லுது. செவப்பா வேற வருது."

"அண்ணே, எண்ணைப் போட்டு அழுத்துங்க, வராது."

"வராத படகு எண்ண நான் எப்படிம்மா போடுவேன்? அந்த மாட்டேன எடுத்துருங்கம்மா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

மூன்றாம் நாள் எடுத்துவிட்டேன். மூன்று வரிகள். இரண்டு நிமிட வேலை. காலி எண் எந்தப் படகின் எண்ணோடும் பொருந்தாது, அதனால் எதுவும் மாறாது என்று நினைத்தேன். நான் நினைத்தது சாதாரணக் கட்டளைக்குச் சரி. தூண்டிலுக்குச் சரியில்லை. காலி என்றால் எல்லாம் என்பதை ஒவ்வொரு நாளும் தேடும் திரையில் பார்த்துக்கொண்டிருந்த நான், அந்த இரண்டு நிமிடம் மறந்துபோனேன். நீ திரும்பி வந்தபோது உன்னிடம் சொல்லவும் மறந்தேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. நீ ஏசுவாய் என்று தள்ளிப்போட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் சிங்காரவேலு அண்ணன் தன் வெற்று வரியைப் போட்டதும், கடலில் இருந்த எல்லாப் படகும் 'கரை ஏறியது' என்று பட்டியலில் மாறியது. பத்துப் பன்னிரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. பிந்திய படகுகள் தாமாக வந்துகொண்டிருந்தன.

காற்று மாறிய அந்த நாளில் முருகையனின் பைபர் படகு வரவில்லை. நான்கு பேர். அவர் மனைவி வசந்தா பொழுது சாயும் முன்பே சங்கத்துக்கு வந்து கேட்டிருக்கிறாள். சிங்காரவேலு அண்ணன் அதற்குள் வெற்று வரியையும் போட்டு முடித்திருந்தார்; பட்டியலைப் பார்த்து, முகம் மலர்ந்து சொல்லியிருக்கிறார்: "வந்தாச்சுன்னு இருக்கு தாயி. காத்துக்குக் கிளிஞ்சல்மேட்டுப் பக்கம் ஏறியிருப்பான், அங்கன பதிஞ்சிருப்பாங்க. நீ போயி ஒலைய வையி."

அவள் போய் உலை வைத்தாள்.

படகு எங்கேயும் ஏறவில்லை என்று தெரிந்து, தேடப் போக வேண்டியவர்கள் மறுநாள் விடிந்த பிறகுதான் போனார்கள். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருந்த மூன்று பேரைக் கொண்டுவந்தார்கள். முருகையன் விடியும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாராம். பிறகு கை விட்டுவிட்டதாம்.

காலையில் உனக்கு ஊரிலிருந்து போன் வந்தது. செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினாய். நீ படியிறங்கிய சத்தம் அடங்குவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை; அதுதான் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பழைய நகலைத் திறந்து, அந்த மூன்று வரிகளை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி.

மத்தியானம் திரும்பி வந்தாய். முந்தானை முழுக்க மணல். நேராக என்னிடம் வந்தாய்.

"தூண்டில்ல ஏதாவது கை வெச்சியா?"

"இல்லையே."

கோப்பைத் திறந்து பார்த்தாய். மூன்று வரிகளும் இருந்தன. அவற்றை விரலால் திரையில் தொட்டுத் தொட்டுப் படித்தாய். "இருக்கே... இருக்கையில எப்படிடி போவும்?" என்று என்னைக் கேட்டாய். உன்மேல் உனக்கே சந்தேகம் வந்த முதல் நிமிடம் அது. உன் பக்கத்தில் நின்று நானும் திரையைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்தார் கோயில் வாசலில் கூடினார்கள். முதலாளியும் நாம் இருவரும் போனோம். அங்கே பெண்கள் வந்து நிற்கும் வழக்கமே இல்லை. நம்மை வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தார்கள். சிங்காரவேலு அண்ணன் துண்டை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தார். ஒரு பெரியவர் கேட்டார்.

"இத எழுதுனது யாரு?"

முதலாளி உன்னைப் பார்த்தார். நிரலை அச்செடுத்த தாள் அவர் கையில் இருந்தது. முதல் வரியில் உன் பெயர்.

"நான்தாங்க எழுதுனேன்" என்றாய்.

"இவ்வளவு படிச்சி, பொறந்த ஊருக்கே கொள்ளி வெச்சிட்டியேம்மா."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அதிக நேரம் பார்த்தாய். துணைக்குப் பார்க்கிறாய் என்று நினைத்து உன் கையைப் பிடித்தேன். நீ மெதுவாக விடுவித்துக்கொண்டாய்.

நீ அந்த ஊர்ப் பெண், உன்னை மன்னித்துவிடுவார்கள், வெளியூர்க்காரி என்னை விட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். சொந்தப் பெண் என்பதால்தான் அவர்கள் மன்னிக்கவில்லை. சங்கத்து வாசலில் நீ கால் வைக்கக் கூடாது என்றார்கள். சந்தைக்குக் கூடை ஏற்றிப்போகும் ஆட்டோவில் உன் அம்மாவுக்கு இடமில்லை என்று மற்ற பெண்கள் சொன்னார்கள். இன்றும் அவர் தனியாகப் பேருந்தில் கூடையோடு போகிறார், நடத்துநரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு. நீ திருச்சிக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் பாடம் நடத்தினாய். தீபாவளிக்கு ஒரு குறுஞ்செய்தி, என் மகள் பிறந்தபோது ஒன்று. இரண்டிலும் ஒரே கேள்வி கடைசியில் இருக்கும்: 'வேற ஏதாவது சொல்லணுமா?' அது நலம் விசாரிக்கும் முறை என்று நினைத்து, 'இல்லடி, எல்லாம் நல்லா இருக்கோம்' என்று எழுதுவேன்.

போன வருடம் காய்ச்சல் என்று படுத்தாய், கல்லீரல் என்றார்கள், ஆறு வாரத்தில் முடிந்துவிட்டது. உடலை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வந்தவர்களை எண்ணிவிடலாம். மாலை வாங்கிக்கொண்டு வந்து, மற்றவர்களை விட அதிகமாக அழுதது நான்தான்.

போன மாதம் மீன் மார்க்கெட்டில் உன் தம்பியைப் பார்த்தேன். கொடுவா தேர்ந்தெடுத்துக் கொடுத்து, காசு வாங்க மறுத்தான். "ஒங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னு இருந்தேங்க்கா" என்று ஐஸ் பெட்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். கோபமே இல்லாத முகம்.

"எங்கக்கா வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம எல்லாத்தையும் பென் டிரைவ்ல எடுத்து வெச்சிக்கும்ல. கூட்டத்துக்கு முன்னயே அதப் பாத்துருச்சுக்கா. ரெண்டு வாரத்து நகல்ல அந்த மூணு வரி இல்லியாம். பெறகு எப்படி வந்துச்சுன்னு அதுக்குப் புரிஞ்சிருச்சு."

கையில் இருந்த மீன் பை ஈரமாக முழங்கையில் ஒட்டியது.

"நான் குதிச்சேங்க்கா. ஊருல சொல்றேன்னேன். விடல. 'காலின்னா எல்லாம்னு வெச்சது நான்தான்டா, அது என் தப்பு, அத நான் ஏத்துக்கிறேன். மிச்சத்த அவ சொல்லட்டும். நானாக் கேக்க மாட்டேன்'னுச்சு. சாவுறதுக்கு முந்தின வாரங்கூட, 'அவ போன் பண்ணுனாளா'ன்னு கேட்டுச்சு."

"நீ ஏன்டா இப்ப சொல்ற?"

"அம்மா இருக்குதுல்லக்கா, இன்னும் தனியாத்தான கூடையத் தூக்கிட்டு பஸ்ல போவுது" என்றான். வாடிக்கையாளர் கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

அன்று முதல் உன்மேல் எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். சாகும்வரை என் ஒவ்வொரு பொய்யையும் தெரிந்துகொண்டே வாங்கி வைத்திருக்கிறாய். கோயில் வாசலில் நீ என்னைப் பார்த்தது துணைக்கு அல்ல. எனக்கு இடம் விட்டாய். நான் அந்த இடத்தில் உன் கையைப் பிடித்தேன், எவ்வளவு கேவலம். ஒரு வார்த்தை ஏசியிருக்கலாமே. 'நீதானே' என்று ஒரு முறை கேட்டிருந்தால் உடைந்து சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அல்லது அதற்கும் 'இல்லையே' என்றிருப்பேனோ? அது எனக்கே தெரியாதபடி செய்துவிட்டாய். இதைப் பெருந்தன்மை என்று யாரும் சொல்ல வேண்டாம். உன் அம்மா சுமந்த கூடையை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். நான் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. நீ வீம்பில் திறக்கவில்லை. உன் அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்படி எழுதும்போதே தெரிகிறது, பழியில் பாதியை உன் தலையில் வைக்கப் பார்க்கிறேன். எட்டு வருடப் பழக்கம்.

உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியது என்ன என்று யோசித்தேன். வங்கியில், மருத்துவமனையில், எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தைக் காலியாக விட என்னால் முடியாது. குறுக்கே ஒரு கோடாவது இழுத்துவிடுவேன். என் கணவர் கேலி செய்வார். வேலையில் யார் எதை மாற்றினாலும் யாரிடம் சொன்னாய் என்று கேட்பேன். "மேடம் ரொம்ப கறார்" என்பார்கள் இளையவர்கள். ஒரு ஆளைக் கொன்ற கறார் என்று அவர்களுக்குத் தெரியாது. இதெல்லாம் உன்னிடமிருந்து கற்றவை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இதைத் தொடங்கினேன். எழுதிப் பார்த்தால், பிடிபட்டுவிடுவோமோ என்ற பயத்தில் வந்த பழக்கங்கள்தான் எல்லாம்.

திங்கட்கிழமை மூன்று ஊர்களுக்கு அது போகிறது. அங்கேயும் ஒரு சிங்காரவேலு இருப்பார். வராத படகுக்கு என்ன செய்வீர்கள் என்று அவரிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. நடந்தது என்ன என்று யாருக்கும் தெரியாததால், கேட்க வேண்டும் என்றும் யாருக்கும் தெரியாது. மூன்று வரிகள் இருக்கின்றன. அடுத்து ஒருத்தி போன் தொல்லை தாங்காமல் அவற்றை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று.

நாளை உன் ஊரில் கடலுக்குப் போகாத நாள். பஞ்சாயத்தார் கூடுவார்கள், எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும். தலத்தெருவிலிருந்து காலை எட்டரைக்கு ஒரு ஆட்டோ கிடைக்கும். கோயில் வாசலுக்குப் போகிறேன். நிற்க விடுவார்களா, அடிப்பார்களா, போலீசுக்குப் போவார்களா, தெரியாது. அதன் பிறகு இந்த வேலை இருக்காது என்பது மட்டும் தெரியும். இது உனக்காக இல்லை. நீ காத்திருந்தது முடிந்துவிட்டது, அதை நான் நிறைவேற்றிவிட்டதாக ஆகாது. ஒரு அம்மா அந்த ஆட்டோவில் ஏற வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து அறையில் என் கணவர் மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருக்கிறார், அவரிடம் சொல்லவில்லை. முதலாளியிடமோ உன் தம்பியிடமோகூடச் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு முன்னால் வசந்தா வீட்டுக்குப் போக வேண்டும். கூட்டத்தில் ஊரோடு நின்று அவள் கேட்கக் கூடாது. அவள் உட்காரச் சொல்ல மாட்டாள், நின்றபடியே சொல்லிவிடலாம். 'ஒங்க வீட்டுக்காரர் படகு வந்துருச்சுன்னு அன்னைக்குக் கம்ப்யூட்டரச் சொல்ல வெச்சது நாந்தாங்க.' காலையிலிருந்து இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அடுப்படியில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் சில தடவை காற்றுதான் வந்தது. இப்போது குரல் வருகிறது.